நிலமென்று நினைத்தவை

வெர்டின் குளத்துக்கு நான் போனபோது
குளம் இல்லை.
நாற்பது ஏக்கர் புல்வெளி ஒன்று
சைப்ரஸ் மரங்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.
"நவம்பரில் வேட்டை தொடங்குகிறது" என்றார் அல்சிட் வெர்டின்,
முகூர்த்த தேதி சொல்வதுபோல.

சால்வினியா.
லூசியானாவில் இந்தப் பெயரைச் சொன்னால்
படகுத்துறையில் பேச்சு நின்றுவிடும்.
விதை கிடையாது. ஒடித்தால் சாகாது,
ஒடித்த துண்டு இன்னொன்று.
இந்தத் திங்கள் ஒரு தட்டு, அடுத்த திங்கள் இரண்டு,
தீபாவளிச் சீட்டுக்கூட இப்படி வளராது என்று
உங்கள் ஊரில் சொல்வீர்களாக இருக்கும்.
இலை முழுக்க மயிர்.
மழை அதன்மேல் விழுந்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உருண்டு போகும்.
மருந்தும் அப்படியே.
அதனால் மருந்தில் சோப்பு கலக்கிறேன்.
பதினோரு வருடமாக, அரசுச் சம்பளத்தில்,
சோப்பு கலக்கிறேன்.

அவர் நாய் பெக்கான்
அன்று காலை லாரியிலிருந்து குதித்து
அந்தப் பச்சைக்குள் ஓடியது.
மூன்று அடி ஓடியிருக்கும்.
பிறகு பச்சை அதை மூடிக்கொண்டது,
ஒன்றும் நடக்காத மாதிரி.
அல்சிட் மார்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவி
கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார்.
தும்மியது. மூக்கில் இரண்டு இலை.
அதற்குப் பிறகு அவர் வீட்டுப் புல்தரையையும்
அது முன்னங்காலால் தட்டிப் பார்த்துத்தான் மிதிக்கிறது.

கூன்வண்டு கொண்டுவந்தேன்.
எள்ளைவிடச் சின்னது, பிரேசில் பூர்வீகம்,
இதைத் தவிர வேறெதையும் தின்னாது.
பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டு நடை.
மாதம் ஒருமுறை ஒரு கிலோ செடியை அள்ளிப்போய்
புனலில் கொட்டி மேலே விளக்கைப் போடுவேன்.
சூடு தாங்காமல் ஒவ்வொன்றாக
அடியிலிருக்கும் ஸ்பிரிட்டில் விழும்.
செத்ததை எண்ணித்தான்
குளத்தில் எத்தனை உயிர் என்று தெரிந்துகொள்கிறோம்.
ஆகஸ்டில் முப்பத்தெட்டு.
ஜனவரிப் பனிக்குப் பின் இரண்டு.
மறுபடி தொட்டி, மறுபடி நடை.

"டெக்சாஸ்காரன்கள்" என்பார் அல்சிட்.
"படகைக் கழுவத் தெரியாதவன்கள்."
காப்பி கொடுக்கும்போது சொல்வார்,
காசோலையில் கையெழுத்திடும்போது சொல்வார்.

அக்டோபரில் அவர் கொட்டகையில்
பொம்மை வாத்துகளை எடுக்க உதவினேன்.
வலைப்பைக்குள் ஆறு டஜன்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றிய கயிறு, ஈயக்குண்டு.
ஒரு பெட்டைவாத்தின் வயிற்றடியில்,
ஈரம் காயாத முடிச்சுக்குள்,
கட்டைவிரல் நகம் அளவு,
பச்சை.
போன வாரம்தான் பெரிய ஏரியில் வேட்டை பழகினாராம்,
மருமகனோடு. வருடாவருடம் போவாராம்.

அவர் அதை விளக்கருகே பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
நான் சோப்பைப் பற்றிப் பேசினேன்.
அன்று மாலை கொட்டகை வாசலில் உட்கார்ந்து
எழுபத்திரண்டு பொம்மைகளையும்
பிளீச் தண்ணீரில் குளிப்பாட்டினார், குழந்தைகளைப்போல,
கழுத்துக்குப் பின்னால் விரல்விட்டு.
டெக்சாஸ் அதன்பின் அவர் வாயில் வரவில்லை.

நான் வீட்டுக்குப் போய்
என் டிரெய்லரைக் கழுவினேன்.
இரண்டு ஜூனுக்கு முன், மீன் கணக்கெடுக்க,
அந்தப் பெரிய ஏரியிலிருந்து நேராக
இந்தக் குளத்துக்கு வந்தவள் நான்.
சக்கர மறைப்புக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
ஒன்றும் இல்லை.
இன்னொரு தடவை கழுவினேன்.

வேட்டையின் முதல் விடியல்.
பாதிக் குளம் பழுப்பாகி அமிழ்ந்திருந்தது,
பாதி இன்னும் புல்வெளி.
கருவால் வாத்துகள் ஒரு கூட்டம் தாழ்ந்து வந்து
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
நிலமென்று நினைத்து மேலேறிப் போய்விட்டன.
மருமகன் கெட்ட வார்த்தை சொன்னான், பிரெஞ்சில்.
கிளுவைகளும் அப்படியே.

எட்டு மணிக்கு, வண்டு தின்று திறந்த
ஒரு பாய் அகலத் தண்ணீரில்
நாமக்கோழி ஒன்று வந்து இறங்கியது,
அழகில்லாமல், தொப்பென்று.
"கம்போவுக்கு ஆகும்" என்றான் மருமகன்.
அல்சிட் துப்பாக்கியை மடியில் வைத்திருந்தார்.
பெக்கான் கரையில் நின்று
முன்னங்காலை நீட்டி, தயங்கி,
தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது.
நனைந்தது.